பச்சைப் புள்ளி

எச்.ஐ.வி. தடுப்பு வில்லையைத் தோலுக்கடியில் பதித்திருந்தால், முழங்கையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அதைக் காட்டுவதற்கென்றே நெய்வேலி ஆண்கள் அரைக்கைச் சட்டை போட்டுத் திரிந்தார்கள். விருத்தகிரி பெண் பார்க்க வந்தபோதே, தான் மகா சுத்தம் என்று அந்தக் கையைத்தான் நீட்டினான். கல்யாணமானபின் மங்களாம்பிகை தனக்கும் ஒன்று கேட்டாள். "குடும்பப் பொண்ணுக்கு எதுக்கு?" என்றுவிட்டான்.

கர்ப்பமான ஐந்தாம் மாதத்தில் அவள் ரத்தத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பது தெரிந்தது. அவன் ரத்தத்திலும் இருந்தது.

"எனக்கு எப்படி வரும், டாக்டர்? பச்சை எரியுதே!"

மங்களாவுக்கு அழுகை வரவில்லை. இந்த மின்மினிப் பூச்சியை நம்பியா குடித்தனம் நடத்தினோம் என்று அருவருப்பாக இருந்தது.

"அது எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும்," என்றார் டாக்டர் ஷகிலா பானு. "ரெண்டு பேருக்கும் இப்பவே பென்சிலின் போடணும், குழந்தையைக் காப்பாத்திடலாம். ஆனா சிபிலிஸ் புண் இருந்தா எச்.ஐ.வி. சுலபமா உள்ள போயிடும். நீங்க பழகின பொண்ணுங்ககிட்ட வில்லை இருக்கோ இல்லையோ. பேரைச் சொல்லுங்க, உடனே வரவழைக்கணும்."

விருத்தகிரி கனைத்தான். "மங்களா, கொஞ்சம் வெளிய இரு."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "டாக்டரம்மா கேக்குறாங்கல்ல? சொல்லுங்க. பாவம், ஒருத்தி பேரும் விட்டுப்போகக் கூடாது."

அவன் தரையைப் பார்த்தபடி முதல் பெயரை முணுமுணுத்தான்.

"சத்தமா," என்றாள் மங்களா.