பேனாக் கோடு

மருத்துவமனையின் தனியறையில் அக்கா வலது கையைத் தலையணைமேல் நீட்டி வைத்திருக்கிறாள். முழங்கைக்குக் கீழே சிவந்து தடித்த தோலைச் சுற்றி நர்ஸ் நீலப் பேனாவால் கோடு போட்டு, "கோட்டைத் தாண்டிச்சுன்னா உடனே பெல் அடிங்க" என்று சொல்லிப் போய் அரை மணிநேரம்தான் ஆகிறது. தம்பி முகக்கவசத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கோட்டையே பார்க்கிறான். வேலையிலிருந்து நேரே வந்தவன். வாட்ச்மேன் சீருடைக்கு மேலே மருத்துவமனை கொடுத்த பச்சை அங்கி, அசையும்போதெல்லாம் சரசரக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் அவன் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து அவளுக்கு ஏற்றிய மஜ்ஜைதான் இப்போது அவள் உடம்புக்குக் காவல். கிருமியை விரட்ட வேண்டிய அந்த அணுக்கள் அவள் தோலையே அந்நியமென்று நினைத்துத் தாக்கத் தொடங்கியிருக்கலாம் என்கிறார் டாக்டர். "உன் ஆளுங்கதானடா," என்கிறாள் அக்கா, வெடித்த உதட்டால் சிரிக்க முயன்று. "வேலைக்குச் சேந்த அன்னைக்கே முதலாளியம்மாவை கேட்ல நிறுத்தி வச்சவன்தானே நீ." அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து அவள் கைமேல் விழுகிறது. நீலக் கோட்டுக்கு வெளியே கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது. பக்கத்தில் இன்னொன்றும். அவன் பெல்லை அழுத்துகிறான், விடாமல் அழுத்துகிறான். வராந்தாவில் இன்னும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவள் கைக்கு மிக அருகில் குனிந்து, "டேய், அது எங்க அக்காடா," என்கிறான் அந்தச் சிவப்பிடம். "அவ வீடுடா இது."