விபத்தில்லா நாட்கள்

கையுறையைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

அவள் கழற்றவில்லை.

இரண்டு இருபதுக்குத் தகரத்தின் விளிம்பு மோதிர விரலில் இறங்கியது. எண்ணெய் துடைக்கும் துணியைக் கிழித்துச் சுற்றினாள். மேலே புதுக் கையுறை.

இன்னும் நாற்பது நிமிடம். காலையிலிருந்து நிற்கும் கால்கள் யாருடையவோ போலிருந்தன.

சொல்லலாம். சொன்னால் ஊசி, தையல், ஈ.எஸ்.ஐ. விடுப்பு. களையெடுக்கப் போன நாட்களில் கால் கிழிந்தபோது இதெல்லாம் யார் கொடுத்தார்கள்? இங்கே பஸ் வருகிறது. மதியம் சூடாகச் சோறு. தேதி தவறாத சம்பளம்.

இங்கே வாசலில் ஒரு பலகையும் இருக்கிறது.

விபத்தில்லா நாட்கள்: 364.

மூன்று மணிக்கு ஒரு வருடம் நிறையும். ஆளுக்கொரு மிக்ஸி. இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள் ஸ்டோர் வாசலில் வந்து இறங்கியிருந்தன. ஒருத்தி விரலைக் காட்டினாலும் பலகை பூஜ்யத்துக்குப் போகும். பெட்டிகள் வந்த லாரியிலேயே திரும்பும்.

மதியம் கேன்டீனில் எதிர் மெஷின் அமுலு எல்லோரையும் மிரட்டியிருந்தாள்.

"இன்னிக்கு மட்டும் எவளாச்சும் கைய வுட்டீங்க, பஸ்ஸுல ஏத்த மாட்டேன்."

சிரித்தார்கள். அமுலு இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். பத்து நாளாக அப்படித்தான். கேட்டால், "வூட்டுக்கு மிக்ஸி வரப்போவுது, நாமளும் கொஞ்சம் டீசன்ட்டா ஆவ வேணாமா?" என்பாள்.

சங்கு ஊதியது.

தினம் ஒருவர் முறைபோட்டு எண்ணை மாற்றுவார்கள். இன்று அவள் முறை.

வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். படமெடுக்க சூப்பர்வைசர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

நான்கைக் கழற்றினாள். துணிக்குள் விரல் தனியாகத் துடித்தது.

எண்கள் வைக்கும் பெட்டிக்குள் பூஜ்யம் கிடந்தது. பக்கத்தில் ஐந்து.

பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஐந்தை எடுத்தாள்.

அதன் பின்புறம் ஒரு கறை. பழுப்பாக, காய்ந்துபோய், ஒரு விரல் அகலத்தில்.

ஐந்தைக் கடைசியாக மாட்டியது பத்து நாட்களுக்கு முன்பு. அன்று யார் முறை என்பது அவளுக்கு நினைவிருந்தது.

மாட்டினாள்.

கைதட்டல் எழுந்தது.

முன்வரிசையில் அமுலு நின்றிருந்தாள். கையுறை போட்ட கைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகின. சத்தமே இல்லை.

அவளும் அப்படியே தட்டினாள்.