இடது பக்கத்துப் பறவை

“பறவை இடது பக்கம் கத்திடுச்சு துரை. இனி படகு மேல போகாது.”

கரையோரம் நின்ற படகில் தலைவன் ஓயோங் துடுப்பைக் கீழே வைத்தான். பின்னால் இருந்த கயான் பழங்குடி ஆட்களும் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டார்கள். இடது கரைப் புதருக்குள் ஒதுங்கப் போயிருந்த ஹாலம் துரை, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

“நேத்தும் இதே கதைதானே! பறவை கத்துச்சுன்னு நாள் பூரா உட்கார வெச்சீங்க. இன்னிக்குமா?”

“நேத்து ‘நில்லு’ன்னுச்சு. அதைக் கேட்காம இன்னிக்குக் கிளம்பினோம். இப்ப ‘திரும்பு’ங்குது. மீறிப் போனா அருவி நம்மள முழுங்கிடும்.”

“மூடத்தனம்! லண்டன்ல பெரிய பெரிய ஆளுங்க எனக்காகக் காத்திருக்காங்க. போர்னியோவுல இந்த ஆறு எங்க பிறக்குதுன்னு நான்தான் முதல்ல கண்டுபிடிக்கணும்!”

“கண்டுபிடிக்க என்ன துரை இருக்கு? எங்க சித்தி வீடே அந்த ஊத்துக்குப் பக்கத்துலதான். தினம் அதுலதான் பாத்திரம் கழுவுறா.”

“உங்க சித்திக்குத் தெரிஞ்சா போதுமா? உலகத்துக்குத் தெரிய வேண்டாமா?”

உலகத்துக்குத் தெரியவே கூடாது என்பதுதான் ஓயோங்கின் கவலை. அருவிக்கு மேலே குகைகள். குகைகளுக்குள், சீன வியாபாரிகள் சூப்பு வைப்பதற்காக அடித்துப்பிடித்து வாங்கும் பறவைக் கூடுகள். ஊருக்கு உப்பும் துணியும் அதை வைத்துத்தான் வந்துகொண்டிருந்தன. துரை பார்த்தால் கொடி நடுவார். கொடி நட்டால் குகை இங்கிலாந்து ராணிக்குச் சொந்தம். கீழாற்றுக்காரர்கள் இப்படித்தான் சொந்த மலைக்குள் போக அனுமதி கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

அதனால்தான் மச்சான் உவாட்டைக் காட்டுப் பாதை வழியாக முன்கூட்டியே அனுப்பியிருந்தான் ஓயோங். பறவைபோலச் சீட்டியடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பாவி, என்னமாய்க் கத்துகிறான் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனான்.

“உங்க மூடநம்பிக்கையாலதான் என் பயணமே கெட்டுதுன்னு புத்தகத்துல எழுதுவேன்!” என்று துரை குதித்தார்.

“தாராளமா எழுதுங்க துரை” என்றான் ஓயோங், பணிவாக.

படகுகள் திரும்பின. ஊர் வந்து சேர்ந்ததும் அரிசிக்கள் குவளையோடு உவாட்டைத் தேடி ஓடினான் ஓயோங். உவாட் வீங்கிய காலை நீட்டிப் பாயில் கிடந்தான்.

“மச்சான், நீ நல்லா இருக்கணும்! அந்தக் கத்தல்ல நானே ஒரு கணம் ஆடிப்போயிட்டேன்.”

“குத்திக்காட்டாத மாமா. கிளம்பின அன்னிக்கே கால்ல மூங்கில் ஏறிடுச்சு. நொண்டிக்கிட்டே வீடு வந்து சேர்ந்தேன். நான் எங்க கத்தினேன்?”

ஓயோங் குவளையைக் கீழே வைத்தான். அப்படியென்றால் அது நிஜப் பறவை! தெய்வத்தின் தூதையே வைத்து நாடகம் ஆடப் பார்த்தோமே, ஊருக்கு என்ன வந்து விடியுமோ என்று பதறினான். கூடையைத் திறந்து இருப்பதிலேயே கொழுத்த கோழியைப் பிடித்துக்கொண்டு, பரிகாரம் செய்ய ஆற்றங்கரைக்கு ஓடினான்.

அங்கே துரையின் மலாய்ச் சமையல்காரன் டோலா சட்டி தேய்த்துக்கொண்டிருந்தான்.

“எதுக்கு அண்ணே கோழி?”

“பறவைக்குப்பா. அது என்னை மன்னிக்கணும்.”

டோலா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“கோழியைக் குழம்புக்குக் குடுங்க அண்ணே. துரைக்கு அருவியைக் கண்டாலே வயித்தைக் கலக்கும். பயந்து திரும்பினேன்னு புத்தகத்துல எழுத முடியுமா? போன வருஷம் பக்கத்து ஆத்துலயும், அவர் புதருக்குள்ள போனதும்தான் இதே பறவை கத்துச்சு.”