மரியஅந்தோணியின் ஜெபம்

டிக்சனின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மரியஅந்தோணி அழுதார்.

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த, அன்பியம் என்கிற தெரு ஜெபக்குழுக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். டிக்சனின் மகள் ஷைலாகூட அவ்வளவு அழவில்லை.

“ஆண்டவரே, இவர எடுத்துக்காதீங்க. எடுத்தே ஆகணும்னா என்னைய எடுத்துக்கங்க!”

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். பெருமாள்மலைக்கே தெரிந்த பகை அது. எதிரெதிர் வீடு. ஒருவர் வாசலுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். பூசையில் எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் இவர் இடப்பக்கம் திரும்பிக் கும்பிடுவார், அவர் வலப்பக்கம்.

கோயில் நிர்வாகம் பேசும் பங்குப்பேரவைக் கூட்டத்தில் தொடங்கிய சண்டை. அப்போது மரியஅந்தோணி செயலாளர். டிக்சன் ஏதோ கேட்டார், இவர் முடியாது என்றார். பாதிப் பேருக்கு அது என்னவென்றே மறந்துபோயிற்று.

போன வாரம் மதுரை ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிக்சனை அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே மரியஅந்தோணி கஞ்சியோடு வாசலில் வந்து நின்றார். ஷைலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூச்சு வாங்குகிறது என்றதும் பனிமூட்டத்தில் ஜீப் பிடித்துக் கொடைக்கானல் போய் மருந்து வாங்கிவந்தார். டிக்சனுக்குக் கண் சொருகினால் இவர் முகம் வெளிறிவிடும்.

டிக்சனுக்கு மட்டும் என்றில்லை. கொஞ்ச நாளாகவே பங்கில் எந்தக் கிழவர் இருமினாலும் சுக்குக்காப்பியோடு போய் நின்றார்.

மனைவி ரெஜினாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் அவள் கல்லறைப் பூவைத் தின்ன வரும் காட்டுமாட்டை விரட்டிவிட்டு நேராக இங்கே வந்துவிடுவார். துக்கம் மனுஷனை எப்படி இளக்கிவிட்டது பாருங்கள் என்று அன்பியத்துப் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

நோயில்பூசுதல் கொடுக்க வந்த பங்குச்சாமியார் எண்ணெய்ச் சிமிழைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு ஒன்றும் தோன்றாமல் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். பிரசங்கம் இதோ முழங்கால் போட்டு அழுதுகொண்டிருக்கிறது.

“பகைவனை நேசிக்கிறதை இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன்,” என்றார். நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுக் கிளம்பினார்.

ஷைலா கடுங்காப்பி போட்டாள். குளிருக்குக் கூட்டம் மொத்தமும் அடுப்படிப் பக்கம் போயிற்று.

அறையில் இரண்டு பேர் மட்டும்.

டிக்சன் ஒரு கண்ணைத் திறந்தார்.

“ஏலே அந்தோணி. ரெஜினா பக்கத்து எடம் இன்னும் காலியாத்தான கெடக்கு?”

மரியஅந்தோணி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பங்கின் கல்லறைத் தோட்டம் சின்னது, அதிலும் பாதி பாறை. யாரும் இடம் பிடித்துவைக்க முடியாது. எஸ்டேட் முதலாளியோ கூலிக்காரரோ, அடுத்துச் சாகிறவருக்கு வரிசையில் அடுத்த இடம். சாவுக்கு என்னய்யா ரிசர்வேஷன் என்று மேசையைத் தட்டி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மரியஅந்தோணிதான்.

செத்துப்போன தன் மனைவிக்குப் பக்கத்தில் தனக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள் என்று டிக்சன் கேட்டபோது கொண்டுவந்த சட்டம்.

“எம் பொஞ்சாதி பக்கத்துல ரேஷன்கடைக்காரனப் படுக்க வெச்சவன் நீ,” என்றார் டிக்சன்.

மரியஅந்தோணி இப்போது அழுதது சத்தமில்லாத அழுகை. அடுப்படியில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை.

டிக்சனின் கை போர்வையிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. எண்ணெய் இன்னும் காயாத கை. அது துழாவி, மரியஅந்தோணியின் மணிக்கட்டைப் பிடித்தது.

“சரி, அழாத. நான் முடிஞ்ச மட்டும் உயிர இழுத்துப் பிடிச்சுக்கிறேன். நீ வெரசா போய்ச் சேரு.”