பாதி விலைக் காபி

"பாதி விலைக்குக் கிடைக்கிற காபிக்கு எதுக்கு முழுசாக் குடுக்கணும்?"

கல்லாவுக்கு முன்னால் நின்ற அந்தப் பெண் நகர்வதாக இல்லை. அவளுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டுவிட்டது.

"நான் குடுக்கறேன், விடு," என்றார் கூட வந்தவர், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்தபடி. "தலை சுத்துதுன்னு சொன்னதாலதானே வண்டியை நிறுத்தினேன்? தண்ணியைக் குடி, கிளம்பலாம்."

பாவம் மனுஷன், என்று நினைத்துக்கொண்டாள் கல்லாப் பெண். கஞ்சப் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவர்கள் தினமும் நாலு பேராவது இந்தக் கடைக்கு வரத்தான் செய்கிறார்கள்.

கூப்பன் என்றாலே அவளுக்கு இப்போது பயம். முன்பெல்லாம் சீட்டை வாங்கிக் கிழித்துப் போடுவாள், வேலை முடிந்தது. இப்போது வாடிக்கையாளரே தன் போனில் அழுத்த வேண்டுமாம். திரை பச்சையாகி அதில் கடிகாரம் ஓடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பில்.

போன வாரம் ஒருவர் கெஞ்சினாரே என்று அவர் போனை வாங்கி இவள் அழுத்தப்போக, அது வேறு ஏதோ கூப்பனாகிப் போயிற்று. "இனிமே யார் போனையும் தொடாதே. இன்னொரு புகார் வந்துச்சுன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்," என்று மேனேஜர் தீர்த்துச் சொல்லிவிட்டார். இப்போதும் கண்ணாடி அறையிலிருந்து இந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கில்லை.

கூப்பனால் இவள் மட்டுமா அவதிப்படுகிறாள்? இந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்ற சர்க்கரை நோய்க்காரர் ஒருவர், கூப்பனை அழுத்தி வாங்கிய கேக்கை வாயில் வைப்பதற்குள் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. வீட்டுக்கே ஒன்றாகக் கடை கொடுக்கும் சலுகை அட்டையில் ஒருத்தர் கூப்பனை அழுத்தினால், எந்தக் கடை, என்ன வாங்கினார் என்று வீட்டில் எல்லோருக்கும் மெசேஜ் போகும். அது அவருக்குத் தெரியாது.

"கூட இருந்தே குழி பறிச்சிடுச்சே," என்று அவர் போனைத் திட்டியதில் வரிசையே சிரித்தது. இந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்தாளோ என்னவோ. கூட வந்தவர் அப்போது ஃப்ரிட்ஜில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கூப்பன் இன்னியோட முடியுது," என்று அந்தப் பெண் அவர் பக்கம் கையை நீட்டினாள். "என் போன் உங்க பையிலதானே இருக்கு, குடுங்க." நீட்டிய கையை மடக்கவே இல்லை. அரை விலைக் காபிக்கு இத்தனை ஆவேசமா என்று கல்லாப் பெண்ணுக்கு எரிச்சலாக வந்தது.

"கார்ல தம்பி குழந்தையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அது அழுதா அவனுக்குப் பொறுமை கிடையாது. ஞாபகம் இருக்கில்ல?" அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் கல்லாப் பக்கம் திரும்பினாள். "கூப்பன் செல்லாதா? அப்ப மேனேஜரைக் கூப்பிடுங்க."

கல்லாப் பெண் கண்ணாடி அறையை ஒரு பார்வை பார்த்தாள். "செல்லும் மேடம். சார், போனைக் கொஞ்சம் குடுத்துடுங்களேன்."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். "நீயே அழுத்திக்கோம்மா."

"நான் தொடக்கூடாது சார்."

"சரி, நான் அழுத்தறேன்."

"அட்டை யார் பேர்ல இருக்கோ அவங்கதான் அழுத்தணும் சார். இல்லேன்னா என் வேலை போயிடும்."

"குடுத்துட்டு நகருங்க சார், எங்களுக்கும் வேலை இருக்கு," என்றது வரிசையில் ஒரு குரல்.

அவர் வரிசையைப் பார்த்தார், கண்ணாடி அறையைப் பார்த்தார். போனை விடாமல் பிடித்தபடியே நீட்டினார். அவள் விரலை வைத்தாள். திரை பச்சையாயிற்று, கடிகாரம் ஓடியது. மறுகணமே போன் அவர் பைக்குப் போய்விட்டது.

காபி வந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். "சூடே இல்லை. வேற போடுங்க."

ஆவி பறக்கிற காபியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? கல்லாப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினில் பால் வேறு தீர்ந்திருந்தது. புதுப் பாக்கெட் பிரித்து ஊற்றும் வரை அவர் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு போலீஸ்காரர்கள் அவர் காரின் ஜன்னல் பக்கம் குனிந்திருந்தார்கள். ரோட்டில் நிறுத்தினால் வராமல் இருப்பார்களா? இன்றைக்கு யார் முகத்தில் விழித்தாரோ பாவம், என்று கல்லாப் பெண் நினைக்கும்போதே கடை போன் அடித்தது.

"இப்ப உங்க கடையில காபி கூப்பன் அழுத்தினாங்களே, அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்களா?" ஆண் குரல். மூச்சு வாங்கியது.

புகார் வந்தேவிட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருக்காங்க சார். நான் ஒண்ணும் தப்பாப் பேசலை. வேணும்னா அவங்க வீட்டுக்காரரையே கேளுங்க, பக்கத்துலதான் நிக்கறார்."

மறுமுனையில் குரல் சட்டென்று இறங்கியது.

"கூப்பன் மெசேஜைப் பார்த்துச் சொன்னதும் போலீஸ் வாசலுக்கு வந்துட்டாங்க, நீங்க அவனை மட்டும் வெளிய விட்டுடாதீங்கம்மா. அவ வீட்டுக்காரன் நான்தான்."