பொன்னாடைக்கு உரியவர்

பல்கலைக்கழகத்தில் யாரும் ஒரே நாற்காலியில் வேர்விட்டுவிடக் கூடாது என்று, தினமும் காலையில் ஊழியர்களைக் கலைத்துப் புதுப் பிரிவுகளில் உட்காரவைத்தார்கள். மாற்றத்துக்குத் தயாராக இருப்பதில் தில்லைநாயகிக்கு இருபது வருடமும் நூற்றுக்கு நூறு மதிப்பெண்.

இன்று அவள் ஓய்வுபெறும் நாள். தேர்வுப் பிரிவுக்குக் காலையில் வந்துசேர்ந்தவர்கள், மாலையில் அவளுடைய பிரிவுபசார விழாவுக்குக் கூடினார்கள். பதிவாளர் அவளை வாயாரப் புகழ்ந்துவிட்டு, முன்வரிசையில் நரைத்த தலையோடு இருந்த பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"ஐயோ, நான் இல்ல சார்!" என்று அந்தப் பெண் பதறினாள்.

"அப்ப தில்லைநாயகி மேடம் யாரு?"

பின்வரிசையிலிருந்து தில்லைநாயகி எழுந்தாள். "நான்தான் சார்."

பதிவாளர் இந்த முறை உஷாரானார். "ஐடி கார்டைக் காட்டுங்க மேடம்."

"காலையிலயே திருப்பி வாங்கிட்டாங்க சார்."

"இவங்களை யாருக்காவது தெரியுமா?" என்று பதிவாளர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

தில்லைநாயகியும் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.