தோற்றவர் செலவு

மாத்தளையில் மிளகுக் கடையைக் கூட்டாகத் தொடங்கியபோது, ஸஹாப்தீனும் ஸப்ரியும் சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை எழுதினார்கள். வழக்கு என்று வந்தால், வென்றவரின் சட்டத்தரணிக் கூலியையும் தோற்றவரே கட்ட வேண்டும்.

பிறகு இருவருக்கும் இடையே வழக்கும் வந்தது; ஸப்ரி தோற்றார். கூலியைக் கட்டவில்லை. நீதிமன்ற ஆட்கள் சாமான்களை ஜப்தி செய்ய லொறியோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஒண்ணும் விடாதீங்க,” என்றார் ஸஹாப்தீன், தெருவில் நின்றபடி.

சோபா வந்தது. பிரிட்ஜ் வந்தது. கண்ணாடி அலுமாரி வந்தபோது அவர் கிட்டப் போய் அதன் கதவை உற்றுப் பார்த்தார்.

“எங்க சாமானெல்லாம் வித்து எங்க லோயருக்கே கட்டியாச்சு, ஹாஜியார்,” என்றார் ஸப்ரி வாசலிலிருந்து. “இதெல்லாம் மருமக கொண்டுவந்தது.”

மருமகள் மர்வா பிள்ளையின் தொட்டிலை இழுத்துவந்து ஸஹாப்தீனின் முன்னால் விட்டாள்.

“ஒண்ணும் விட வேணாம்னீங்களே, வாப்பா. இதுவும் உங்க மகளுக்கு நீங்க தந்ததுதான்.”